பெருநாளுக்குத் தயாராகும் வீடு

தமிழகக் கடற்கரை முஸ்லிம் குடும்பங்களின் பெட்டகம், தோட்டம், அடுப்படி

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகியவை தமிழகக் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்காக அமைந்த பழைய துறைமுக ஊர்கள். அரபு நாட்டுக் குதிரைகள் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கின. முத்தும் துணியும் அரிசியும் இங்கிருந்து கப்பலேறின. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் மேற்கிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். இந்த ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் ஆண்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்ப் பொருளீட்டினார்கள். அவர்கள் ஊரில் இல்லாத மாதங்களிலும் வருடங்களிலும் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள்.

அதனால் இந்தச் சமூகத்தின் வரலாற்றில் துறைமுகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இருக்கும் அதே இடம் வீட்டுக்கும் உண்டு. தாய்வழி வந்த நகை, தகப்பன் கப்பலில் கொண்டுவந்த பீங்கான், கொல்லையில் நின்ற மருதாணி, ரமலான் மாதத்துச் சமையல் முறை எல்லாம் வீட்டுக்குள்தான் ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குப் போயின. பெருநாள் நெருங்கும் நாட்களில் இவை மூன்றும், அதாவது பாதுகாத்த பொருளும் வளர்த்த செடியும் கற்ற கைப்பக்குவமும், ஒன்றாகப் புழக்கத்துக்கு வருகின்றன.

பெண்ணுக்கு உரிய வீடு

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்குத் தாய்வீட்டிலேயே ஒரு பகுதி ஒதுக்கப்படும், அல்லது அருகில் ஒரு வீடு கட்டித் தரப்படும். இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி போன்ற ஊர்களிலும் இதே வழக்கம் உண்டு. கணவன் கடல் கடந்து போயிருக்கும் காலத்தில் இளம் மனைவி அறிமுகமில்லாத வீட்டில் தனித்து நிற்காமல் தாயோடும் சகோதரிகளோடும் இருக்க இந்த ஏற்பாடு உதவியது. பிள்ளைகள் உம்மாவின் உம்மா மடியில் வளர்ந்தார்கள். சமையல் பக்குவமும் பிரசவ மருந்தும் தாலாட்டும் தாய்வழியிலேயே தொடர்ந்தன.

இதற்கு ஒரு சுமையும் உண்டு. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு வழி பார்க்க வேண்டும். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுப்பதே மார்க்கத்தின் விதி. அப்படியிருக்க, பெண் வீட்டார் மீது வீடு கட்டும் பொறுப்பு ஏறியது பல தகப்பன்மார்களை வெளிநாட்டிலேயே முதுமை வரை உழைக்க வைத்திருக்கிறது.

வீட்டின் அமைப்பு இந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைந்தது. தெருவைப் பார்த்த முன்பகுதி ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் இடம். அதைக் கடந்தால் நடுக்கூடம், அறைகள், அடுப்படி, கிணற்றடி, கொல்லை. காயல்பட்டினத்தில் பல வீடுகளுக்குப் பெண்கள் வந்துபோகத் தனி வாசல் இருக்கிறது. வீடுகளின் பின்புறத்தை இணைக்கும் குறுகிய சந்துகளை முடுக்கு என்கிறார்கள். பெண்கள் முடுக்கு வழியாகவே நடந்து உறவினர் வீடுகளுக்கும், தங்களுக்கென்று அமைந்த தைக்கா என்னும் தொழுகை இடங்களுக்கும் போய்வர முடியும். ரமலான் மாதத்தில் ஒரு வீட்டுப் பலகாரம் பல வீடுகளுக்குப் போவது இந்த முடுக்குகள் வழியாகத்தான்.

இந்த வீடுகளில் தகப்பன் வாப்பா, தாய் உம்மா, அண்ணன் காக்கா, அக்கா லாத்தா, சிற்றப்பா சாச்சா. உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் தகப்பனை அத்தா என்று அழைக்கிறார்கள். பெருநாள் அன்று யார் வீட்டுக்கு யார் முதலில் போக வேண்டும், யார் யாருக்குப் பெருநாள் காசு கொடுக்க வேண்டும் என்பதை இந்த உறவு வரிசையே தீர்மானிக்கிறது.

பெட்டகத்தில் இருப்பவை

பழைய வீடுகளில் தேக்குப் பெட்டகம் ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பவற்றைப் பார்த்தே அந்தக் குடும்பத்தின் பயணங்களைச் சொல்லிவிடலாம். பர்மிய அரக்குச் சாமான், சீனப் பீங்கான் கோப்பை, பினாங்கிலிருந்து வந்த பூப்போட்ட கைலி, கொழும்பில் வாங்கிய கல் பதித்த மோதிரம் எல்லாம் அங்கே கிடைக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் மொகிதீன் 1801இல் பினாங்கில் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலை நிறுவினார். சிங்கப்பூரின் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. அந்தத் தலைமுறைகளின் பயணச் சுவடு வீட்டுச் சாமான்களிலும் பதிந்திருக்கிறது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். பலர் மலைக்காடுகள் வழியே நடந்தே வந்தார்கள். கடையையும் வீட்டையும் அங்கேயே விட்டு வந்தவர்களின் குடும்பத்தில் ஒரு அரக்குக் கிண்ணமோ ஒரு புகைப்படமோ மிஞ்சியிருந்தால், அதற்கு விலை சொல்ல முடியாது. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கனத்த கம்பளிப் போர்வைகளையும் டேப் ரெக்கார்டர்களையும் கொண்டுவந்தார்கள். கடிதம் எழுதப் பழகாதவர்கள் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகள் இப்போது அந்தக் காலத்தின் ஆவணங்கள்.

உள்ளூர்ப் பொருள்களும் அதே பெட்டகத்தில் உண்டு. மணமகள் கழுத்தில் கட்டிய கருகமணி, மூதாட்டிகள் காது நிறைய அணிந்த அலுக்கத்து, வெளியே போகும்போது போர்த்திய வெள்ளைத் துப்பட்டி, பன்னீர்ச் செம்பு, சுர்மாச் சிமிழ், குர்ஆனை வைத்து ஓதும் ரெஹல், தஸ்பீஹ் மணி ஆகியவை பெரும்பாலான குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. ரெஹல் ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, ஆணி இல்லாமல் மடங்கும்படி செதுக்கப்படுவது. ரமலானில் வீட்டில் மிக அதிகமாகப் புழங்கும் பொருள் அதுதான்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் நெய்யும் கோரைப்பாய் இன்னொரு சொத்து. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். மிக மெல்லிய இழையில் நெய்த பாய் துணியைப் போல மடிந்துவிடும். அதனால் அதற்குப் பட்டுப்பாய் என்று பெயர். மணமக்கள் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவது இங்கே நெடுநாள் வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பாய், திருமண நாள் முடிந்ததும் சுருட்டி வைக்கப்பட்டு, பெருநாள் விருந்தினருக்காக மீண்டும் விரிக்கப்படுகிறது.

எழுத்தில் மிஞ்சியவை

பெட்டகத்தின் அடியில் கிடக்கும் காகிதங்களே அதில் உள்ளவற்றுள் அரியவை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் முறை இந்தக் கடற்கரையிலும் இலங்கையிலும் பல நூற்றாண்டுகள் புழங்கியது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்க்கப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவளாக இருந்தாலும் அந்த எழுத்தில் தன் தாய்மொழியைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. மார்க்கச் சட்டம், மருத்துவக் குறிப்பு, பாடல், வீட்டுக் கணக்கு, கணவனுக்குக் கடிதம் எல்லாம் அரபுத்தமிழில் எழுதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இம்முறையில் எழுதிய மார்க்க நூல்கள் வீடுதோறும் இருந்தன. கீழக்கரை ஆசியா உம்மாவின் ஞானப் பாடல்களும் அரபுத்தமிழில் பிறந்தவையே.

வீட்டுக்குள்ளிருந்து எழுதிய பெண்களின் வரிசை அதோடு நிற்கவில்லை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை எழுதினார். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வீட்டின் உள்கட்டுப் பெண்களின் வாழ்க்கையைத் தமிழ் வாசகர்களின் முன் வைத்தது. பரம்பரைப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு குடும்பத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'யில் எழுதினார். அந்த நாவல் 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொருளை மதிக்கத் தெரியாத தலைமுறையின் கையில் ஒரு வீடு எப்படிக் காலியாகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பொருளைக் காக்கும் முறை

கடற்காற்றின் உப்பும் ஈரமும் இந்தப் பொருள்களின் முதல் எதிரி. செம்புப் பாத்திரம் பச்சைக் களிம்பு பிடிக்கும். உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்த செம்பில் புளிப்பான உணவு வைத்தால் செம்பு உணவில் கரைந்து உடலுக்குக் கேடு செய்யும். அதனால்தான் நோன்புக்கு முன்பே அண்டாவுக்கும் சட்டிக்கும் ஈயம் பூசி வைப்பார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தால் அழுக்கை நீக்கி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புவது அந்த வேலை. பல பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டுகளுக்கும் இதே பராமரிப்பு உண்டு.

துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறையாவது நிழலில் காயவைத்து, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். காகிதச் சுவடிகளுக்கு வேப்பிலையும் வசம்பும் பழைய பாதுகாப்பு. அவற்றை லேமினேஷன் செய்வது கேடு. சூடும் பசையும் காகிதத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. சுவடியைக் கட்டாயப்படுத்தி விரிக்காமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பதே நல்லது. பெருநாளுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்கள் இந்த வேலைகளுக்கு ஏற்றவை.

கிணற்றடித் தோட்டம்

கடற்கரை மண் மணல். பல இடங்களில் கிணற்று நீரும் உவர்ப்பு. ஆகவே கொல்லைத் தோட்டத்தில் எது தாங்குமோ அதுவே நின்றது. தென்னை உப்பைத் தாங்கும். சப்போட்டாவும் மாதுளையும் ஓரளவு தாங்கும். முருங்கை கொம்பு நட்டாலே துளிர்க்கும். இவற்றோடு கறிவேப்பிலை, புதினா, மல்லிகை, பன்னீர் ரோஜா, ரம்பை, மருதாணி ஆகியவை சேர்ந்தால் பெருநாளுக்குத் தேவையானவற்றில் பாதி வீட்டிலேயே கிடைத்துவிடும். தொழுகைக்கு முன் ஒளு செய்யும் நீர் வாய்க்காலாக ஓடிச் செடிகளுக்குப் பாயும்படி அமைப்பது பழைய வீடுகளின் கெட்டிக்காரத்தனம். ஐந்து வேளை ஒளுவின் நீர் கோடையிலும் ஒரு சிறு தோட்டத்தை உயிரோடு வைத்திருக்கும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கக் கூடாது என்பதும், ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பதும் நபிகளாரின் போதனைகள். கொல்லைத் தோட்டத்தில் இரண்டும் நாள்தோறும் நடைமுறையில் இருக்கின்றன.

ரம்பை நிழலும் ஈரமும் விரும்பும். கிணற்றடியிலோ குழாயடியிலோ பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும். இது பூப்பது மிக அரிது. நெய்ச்சோற்றிலும் கறியிலும் இதன் இலையைப் போட்டதும் எழும் மணம் பாசுமதி அரிசியின் மணத்தை ஒத்திருக்கும். இரண்டிலும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான். தென்கிழக்கு ஆசியாவிலும் இலங்கையிலும் பெரிதும் புழங்கும் இந்த இலை, அந்த நாடுகளோடு தொடர்பு வைத்திருந்த கடற்கரை வீடுகளின் அடுப்படியில் இன்றும் இருக்கிறது.

மருதாணி வெயிலை விரும்பும் செடி. ஓரளவு முற்றிய குச்சியை நட்டால் வேர் பிடிக்கும். வேர்விட்ட பின் வறட்சியைத் தாங்கும், ஆனால் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆண்டுதோறும் கவாத்து செய்தால் புதுத் துளிர் நிறைய வரும். சாயம் அதிகம் இருப்பது இளம் இலையில். பெருநாளுக்கு ஒன்றரை இரண்டு மாதங்களுக்கு முன் கிளைகளை வெட்டிவிட்டால் சரியான பருவத்தில் துளிர் கிடைக்கும்.

இலையைக் கசக்கி அரைக்கும்போதுதான் லாசோன் என்ற சாயப்பொருள் வெளிப்படுகிறது. எலுமிச்சைச் சாற்றின் லேசான புளிப்பு அதற்குத் துணை செய்கிறது. லாசோன் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு பிணைகிறது. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிப்பாக இருப்பதால் அங்கே நிறம் ஆழமாகப் பிடிக்கும். உள்ளங்கை நடுவில் வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும் வைக்கும் பழைய முறைக்கு இதுவே அடிப்படை. மருதாணியைக் கழுவியவுடன் நிறம் வெளிர் ஆரஞ்சாக இருக்கும். காற்றுப்பட ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாக மாறும். எனவே பெருநாள் காலையில் நன்றாகச் சிவந்திருக்க வேண்டுமானால் இரண்டு இரவுக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கூம்புகளில் முடிச்சாயத்துக்கான பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். அது தோலில் கொப்புளத்தையும் நீங்காத ஒவ்வாமையையும் உண்டாக்கும். குழந்தைகளின் கைக்கு வீட்டுச் செடியின் இலையே பாதுகாப்பு.

ஒரு மாத ஆயத்தம்

இஸ்லாமிய ஆண்டு பிறையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதில் 354 அல்லது 355 நாட்கள். அதனால் ரமலான் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவிடும். தமிழகத்தில் 2025ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமலானும் தொடங்கும். ஆகவே நோன்புக்கால உணவும் தோட்டமும் தலைமுறையில் ஒருமுறை பருவம் மாறுகின்றன. கோடை நோன்பில் நுங்கும் கிர்ணிப்பழமும் கடற்பாசியும், மார்கழிக் குளிரில் வரும் நோன்பில் சூடான கஞ்சியும் இஞ்சித் தேநீரும் முன்னுக்கு வரும்.

விடியுமுன் சஹர் உணவு. தப்பு அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக எழுப்பிப் போகும் பக்கீர்களின் வழக்கம் பல ஊர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. மாலையில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லித்தழை, தேங்காய்ப்பால், சில இடங்களில் கொத்துக்கறி ஆகியவை சேர்ந்த இந்தக் கஞ்சி, வெறும் வயிற்றுக்கு இதமானது, நீரிழப்பையும் ஈடுசெய்வது. பள்ளிவாசல்களில் பெரிய அண்டாக்களில் காய்ச்சி யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள். இதற்காகத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குகிறது. தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. இரவில் தராவீஹ் தொழுகை. பகலில் வேலைக்கு இடையே குர்ஆன் ஓதி முடிக்கும் முயற்சி. இத்தனைக்கும் நடுவே நோன்பு வைத்துக்கொண்டே அடுப்படியில் நிற்பவர்கள் பெண்கள். அந்த உழைப்பில் வீட்டு ஆண்களும் பங்கெடுப்பது கடமை. நபிகளார் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தார் என்று ஹதீஸ்கள் சொல்கின்றன.

கொடுத்த பிறகே கொண்டாட்டம்

ரமலானில் பல குடும்பங்கள் ஆண்டு ஜக்காத்தைக் கணக்கிடுகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் இருந்த பொன், வெள்ளி, பணம், வணிகச் சரக்கு ஆகியவற்றில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு உரியது. பெண்கள் அணியும் நகைக்கு ஜக்காத் உண்டா என்பதில் சட்டப் பள்ளிகள் வேறுபடுகின்றன. ஹனஃபி வழியில் உண்டு. ஷாஃபி வழியில், அணிவதற்காக அளவோடு வைத்திருக்கும் நகைக்கு இல்லை, சேமிப்பாகப் பூட்டி வைத்த பொன்னுக்கு உண்டு. கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி வழியினர், ராவுத்தர்கள் ஹனஃபி வழியினர். எனவே பெட்டகத்தில் உறங்கும் நகையைப் பற்றி ஒவ்வொரு ரமலானும் ஒரு கேள்வி எழுப்புகிறது.

பெருநாளுக்கே உரிய தர்மம் ஃபித்ரா. வசதியுள்ள குடும்பத் தலைவர் தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ தானியம் கொடுக்க வேண்டும். ஷாஃபி வழியில் ஊரின் முக்கிய உணவையே கொடுப்பது விதி என்பதால் கடற்கரை ஊர்களில் அது அரிசி. ஹனஃபி வழியில் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கலாம். ரமலானின் கடைசி நாள் சூரியன் மறையும் முன் பிறந்த குழந்தைக்காகவும் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி வழியின் கணக்கு. பெருநாள் தொழுகைக்கு முன் இது ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு ஊரில் எந்த அடுப்பும் அணைந்திருக்கக் கூடாது என்பதே நோக்கம். பிறை இரவில் அரிசியை அளந்து, பைகளில் கட்டி, ஜமாஅத் வழியாகவோ நேரடியாகவோ கொடுத்து முடிக்கிறார்கள்.

பெருநாள் அடுப்படி

நாள்பட இருக்கும் பலகாரங்கள் முன்னதாகவே தயாராகும். கீழக்கரையின் தொதல் அதில் தலையானது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருந்தால் நீர் வற்றி எண்ணெய் பிரியும். நீர் குறைந்து இனிப்பு மிகுந்ததால் குளிர்ப்பெட்டி இல்லாமலும் நாட்கணக்கில் கெடாது. கப்பலேறும் மகனுக்குக் கட்டிக்கொடுக்க அதைவிட ஏற்ற பண்டம் இல்லை. மலாய் நாடுகளின் டோடோல் இதே வகைதான். நாகூர், காரைக்கால் பக்கம் ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் சுடும் தம்ரூட் பெயர் பெற்றது.

பெருநாள் காலைக்கு உரியவை இடியாப்பமும் வட்டலப்பமும் ஆணம் என்னும் குழம்பும். வட்டலப்பத்துக்கு முட்டையைக் கருப்பட்டி அல்லது சீனியோடு அடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்த்து, வடிகட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். தீ மிதமாக இருக்க வேண்டும். அதிகச் சூட்டில் முட்டையின் புரதம் சுருங்கி நீர்விட்டு, துளைதுளையாகிவிடும். மதியத்துக்கு நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, அல்லது பிரியாணி. காயல்பட்டினத்தின் களறிக் கறி விருந்துகளுக்குப் பேர்போனது. அரிசிமாவு உருண்டைகளைக் கறியோடு வேகவைக்கும் தக்கடி இன்னொரு கடற்கரைச் சுவை. இந்தச் சமையலில் எழுதிய அளவு கிடையாது. கைப்பிடியும் கண்ணளவுமே கணக்கு. உடனிருந்து பார்த்தவருக்கே அது வசப்படும்.

பிறை தெரிந்த பின்

இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பது நோன்பு. தமிழகத்தில் அரசின் தலைமை காஜி அறிவிக்கிறார். பெருநாள் அன்று அதிகாலைக் குளியல், இருப்பதில் நல்ல உடை, அத்தர். நோன்புப் பெருநாளில் தொழுகைக்குக் கிளம்பும் முன் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் உண்பது நபிவழி. ஒரு பாதையில் போய் வேறு பாதையில் திரும்புவதும் அவ்வாறே. தொழுகை இரண்டு ரக்அத். ஷாஃபி வழியில் முதல் ரக்அத்தில் ஏழும் இரண்டாவதில் ஐந்துமாகக் கூடுதல் தக்பீர்கள். ஹனஃபி வழியில் மூன்றும் மூன்றும்.

தொழுது வந்தபின் பெரியவர்களின் கையைப் பற்றி வாழ்த்துப் பெறுவதும், பிள்ளைகள் பெருநாள் காசு வாங்குவதும், மையவாடிக்குப் போய் மறைந்தவர்களுக்காகத் துஆ செய்வதும், பக்கத்து வீடுகளுக்கு உணவு அனுப்புவதும் நடக்கும். அசைவம் உண்ணாத அண்டை வீட்டாருக்கு வட்டலப்பத்தைத் தவிர்த்து முட்டை சேராத இனிப்பை அனுப்பும் கவனம் பல தலைமுறையாக இருக்கிறது. பிறகு ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்புகளைப் பலர் நோற்கிறார்கள்.

துல்ஹஜ் 10ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். அன்று தொழுகைக்குப் பிறகே உண்பது நபிவழி. குர்பானி இறைச்சியை வீட்டுக்கு, உறவினருக்கு, ஏழைகளுக்கு என மூன்றாகப் பங்கிடுவது பரவலான வழக்கம். பெட்டகத்துச் சஹன்களும் செம்புகளும் அன்று மீண்டும் வெளியே வருகின்றன.

இழக்கக் கூடாதவை

பழைய வீடுகள் பாகம் பிரிந்து அடுக்ககங்களாகின்றன. கொல்லை போன இடத்தில் கார் நிறுத்தம் வருகிறது. தேக்குக் கதவும் பெட்டகமும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. சென்னையிலும் துபாயிலும் சிறிய வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு அண்டாவை வைக்க இடமில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டாலும் அதன் செய்தியைக் காப்பாற்ற முடியும். மாடியில் ஒரு தொட்டி போதும், மருதாணி வளரும். குளியலறை ஓரத்து ஈரத்தில் ரம்பை தழைக்கும். அரபுத்தமிழ்க் கடிதத்தைக் கைபேசியில் படமெடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஒவ்வொரு குடும்பமும் இந்தப் பெருநாளுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். ஒவ்வொரு பொருளையும் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் கொண்டுவந்தார், யார் யார் கைமாறி வந்தது என்று மூத்த பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வட்டலப்பத்துக்கு எத்தனை முட்டை, தொதலுக்கு எவ்வளவு மாவு என்பதை அவர்கள் சமைக்கும்போதே அருகில் நின்று அளந்து குறியுங்கள். பெண் பிள்ளைகளைப் போலவே ஆண் பிள்ளைகளையும் அந்த அடுப்படியில் நிற்க வையுங்கள். நூற்றாண்டுகளாக இந்த வீடுகளைத் தாங்கிய பெண்களின் பெயர்கள் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.